கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை வெளியிலிருந்து படிப்பது எப்படி? டாக், கன்வர்ட்டர், கேஸிங்: ஒரு விளக்கம்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதியோ, புதிய தலைமுறை பிராசஸரோ பல பழைய கம்ப்யூட்டர்களில் இல்லை. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்து வீடுகளிலும் கல்யாண ஸ்டுடியோக்களிலும் பத்து வருடம் உழைத்த கம்ப்யூட்டர்களுக்கும் இதே நிலைதான். பெட்டி பழைய சாமான் விலைக்குப் போய்விடும். உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க் மட்டும் கழற்றப்பட்டு, ஒரு பாலித்தீன் உறையில் வீட்டுக்காரர் கைக்கு வரும். மகளின் கல்யாண வீடியோ, ஐயாவின் வயது நிறைவுச் சாந்தி விழாப் படங்கள், வீட்டுப் பத்திரங்களின் ஸ்கேன் எல்லாம் அதற்குள்தான் இருக்கும்.

நகரத்தார் கல்யாணத்தில் எழுதும் இசைகுடிமானம் என்ற திருமணப் பத்திரத்தை நூறு வருடம் கழித்தும் பெட்டியைத் திறந்து கண்ணால் படித்துவிடலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த நூல்களும் இதழ்களும் 1994-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற முடிந்ததற்கும், காகிதத்துக்கும் கண்ணுக்கும் நடுவே எந்தக் கருவியும் தேவைப்படாதது ஒரு காரணம். ஹார்ட் டிஸ்க் அப்படிப்பட்டதன்று. அதற்கும் நமக்கும் நடுவே மின்சாரம் வேண்டும், இணைப்பு வேண்டும், ஒரு மொழிபெயர்ப்பாளரும் வேண்டும். இந்த மூன்றில் ஒன்று பொருந்தாமல் போனாலும் நல்ல டிஸ்க் செத்த டிஸ்க் போலத் தெரியும். "டிஸ்க் போய்விட்டது" என்று முடிவு கட்டுவதற்கு முன் இவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும்.

அடிப்படை: நடுவில் இருப்பது என்ன?

கம்ப்யூட்டருக்குள் இருக்கும்போது ஹார்ட் டிஸ்க்குக்கு இரண்டு கேபிள்கள் வரும். ஒன்று தகவலுக்கு, மற்றொன்று மின்சாரத்துக்கு. தகவல் கேபிளில் டிஸ்க் பேசும் மொழி சாட்டா. வெளியே யூஎஸ்பி துளையில் பேசப்படுவது வேறு மொழி. இரண்டுக்கும் நடுவே நின்று மாற்றிச் சொல்லும் சிறிய சிப்புக்குப் பிரிட்ஜ் என்று பெயர். டாக் (டிஸ்க்கை மேலிருந்து செருகும் மேடை), கன்வர்ட்டர் கேபிள், கேஸிங் (டிஸ்க்கை உள்ளே வைத்து மூடும் கூடு) எதுவாக இருந்தாலும் உள்ளே இருப்பது இந்தப் பிரிட்ஜும் மின்சாரத்துக்கான ஏற்பாடும்தான். வெளித்தோற்றம் மட்டுமே வேறு. டிஸ்க் எவ்வளவு பெரியது, எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பிரிட்ஜ் சொல்லித்தான் கம்ப்யூட்டர் தெரிந்துகொள்கிறது. பிரிட்ஜ் தவறாகச் சொன்னால் கம்ப்யூட்டரும் தவறாகவே நம்பும்.

கையில் இருப்பது எந்த வகை?

கடைக்குப் போகும் முன் டிஸ்க்கின் விளிம்பைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

1. 3.5 அங்குல சாட்டா. மேசைக் கம்ப்யூட்டரில் இருப்பது. அகலம் சுமார் 10 செ.மீ.; கையில் எடுத்தால் கனம் தெரியும். விளிம்பில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தட்டையான கறுப்பு நாக்குகள்: 7 தொடுமுனைகள் கொண்ட குட்டை நாக்கு தகவலுக்கு, 15 தொடுமுனைகள் கொண்ட நீள நாக்கு மின்சாரத்துக்கு. இரண்டுக்கும் ஒரு முனை ஆங்கில எழுத்து எல் போல மடங்கியிருக்கும், தலைகீழாகச் செருகிவிடக் கூடாது என்பதற்காக.

2. 2.5 அங்குல சாட்டா. லேப்டாப்பில் இருப்பது. அகலம் சுமார் 7 செ.மீ. நாக்குகள் அதே அளவு, அதே அமைப்பு. பெட்டி வடிவ எஸ்எஸ்டி-யும் (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) இந்த வகைதான்.

3. ஐடிஇ. சாட்டா 2003 வாக்கில் சந்தைக்கு வருவதற்கு முன்பும், அதற்குப் பிறகு சில வருடங்களும் ஓடியது. இரண்டு வரிசையாக 40 ஊசி அமைப்பு, அருகே நான்கு தடித்த ஊசிகள் கொண்ட மின் இணைப்பு. சாட்டா டாக்கில் இது நுழையவே நுழையாது. ஐடிஇ-க்கென உள்ள கன்வர்ட்டர் வேண்டும். ஊசிகளுக்குப் பக்கத்தில் உள்ள ஜம்பர் என்ற சிறு செருகியை மாஸ்டர் (முதன்மை) நிலைக்கு மாற்றாவிட்டால் சில கன்வர்ட்டர்கள் டிஸ்க்கைக் கண்டுகொள்வதில்லை. லேப்டாப் ஐடிஇ 44 ஊசி. மின்சாரமும் அதே வரிசையில் வந்துவிடும்.

4. எம்.2. சூயிங்கம் பட்டை போன்ற எஸ்எஸ்டி. 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். ஒரே வடிவத்துக்குள் சாட்டா, என்விஎம்இ என இரண்டு மொழிகள் உண்டு. விளிம்பில் ஒரே ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ, இரண்டு வெட்டுகள் இருந்தால் பெரும்பாலும் சாட்டா. மேலே ஒட்டியுள்ள லேபிளைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டையும் ஏற்கும் கேஸிங் வாங்கினால் இந்தக் குழப்பமே இல்லை.

அலுவலக சர்வரிலிருந்து வந்த டிஸ்க்கில் இரண்டு நாக்குகளுக்கும் நடுவே இடைவெளி இல்லாமல் அடைத்திருந்தால் அது எஸ்ஏஎஸ் வகை. சாட்டா டாக் அதை ஏற்காது. அழுத்திப் பார்க்க வேண்டாம்.

மின்சாரம்: பாதித் தொல்லை இங்கேதான்

2.5 அங்குல டிஸ்க்குக்கு 5 வோல்ட் போதும். யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியரும், யூஎஸ்பி 3.0 துளை 900 மில்லி ஆம்பியரும் தரும் என்பது தர விதி. அதனால் லேப்டாப் டிஸ்க்கைப் பெரும்பாலும் வெறும் கேபிளிலேயே ஓட்டிவிடலாம். 3.5 அங்குல டிஸ்க்குக்கு 5 வோல்ட்டோடு 12 வோல்ட்டும் வேண்டும். சாதாரண யூஎஸ்பி துளையில் 12 வோல்ட் கிடையாது. கடையில் மலிவாகக் கிடைக்கும் தனிக் கேபிளில் மேசைக் கம்ப்யூட்டர் டிஸ்க்கைச் செருகினால் அது அசையாமல் கிடப்பது இதனால்தான். டிஸ்க்கின் மீது எந்தக் குற்றமும் இல்லை.

அடுத்து ஆம்பியர். லேபிளில் '12 வோல்ட் 0.55 ஆம்பியர்' என்பதுபோல் அச்சிட்டிருப்பார்கள். அது ஓட்டம் நிலைத்த பிறகு பிடிக்கும் அளவு. டிஸ்க்குக்குள் நின்றுகிடக்கும் தட்டுகளை நிமிடத்துக்கு 7,200 சுற்றுக்குக் கொண்டுபோகும் முதல் சில விநாடிகளில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரைகூட இழுக்கும். ஒரு டிஸ்க் டாக்குக்கு 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டராவது இருக்க வேண்டும். இரண்டு டிஸ்க் டாக்குக்கு 3 அல்லது 4 ஆம்பியர்.

இப்போது வீட்டில் நடப்பதைப் பாருங்கள். டாக்கோடு வந்த அடாப்டர் எங்கோ போய்விட்டது. இன்டர்நெட் ரூட்டரின் அடாப்டர் கையில் கிடைக்கிறது. அதே உருண்டைப் பின், அதே 12 வோல்ட், ஆனால் 1 ஆம்பியர் அல்லது அதற்கும் கீழே. செருகியதும் விளக்கு எரிகிறது. தட்டு 'உய்ய்...' என்று சுழல முயன்று, வேகம் பிடிக்காமல் ஓய்ந்து, ஒரு 'டிக்' சத்தத்தோடு மறுபடி முயல்கிறது. கேட்பவர் டிஸ்க் பழுது என்று நினைத்துவிடுவார். உண்மையில் அது மின்சாரம் போதாமல் தவிக்கிறது. சரியான அடாப்டரை மாட்டியதும் அதே டிஸ்க் ஒரே மூச்சில் எழும்பி ஓடக்கூடும்.

இதைவிடக் கொடியது 19 வோல்ட் லேப்டாப் சார்ஜர். சிலவற்றின் பின் டாக்கின் துளைக்குள் சிக்கலின்றி நுழைந்துவிடும். டாக்கோடு டிஸ்க்கின் சர்க்யூட் பலகையும் அந்த நொடியிலேயே கருகிவிடலாம். டாக் வாங்கிய அன்றே அதன் அடாப்டரில் ஒரு காகிதம் ஒட்டி 'டிஸ்க் டாக்' என்று எழுதிவிடுங்கள்.

கரண்ட் போவது பற்றியும் ஒன்று. லேப்டாப்பில் பேட்டரி உண்டு, டாக்குக்குக் கிடையாது. கரண்ட் போனால் லேப்டாப் ஓடிக்கொண்டே இருக்கும். டிஸ்க் மட்டும் நடுவில் காணாமல் போகும். டிஸ்க்கிலிருந்து படித்துக்கொண்டிருந்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும். அதில் எழுதிக்கொண்டிருந்தால் கோப்பு அட்டவணையே கெடலாம். யூபிஎஸ் இருந்தால் அதில் முதலில் மாட்ட வேண்டியது டாக்கைத்தான்.

கேபிளா, டாக்கா, கேஸிங்கா?

கன்வர்ட்டர் கேபிள் ஒருமுறை வேலைக்கு. பையில் அடங்கும், விலை குறைவு. ஆனால் டிஸ்க் மேசை மீது அவிழ்ந்து கிடக்கும். கேபிளில் கால் இடறினால் கதை முடிந்தது. கேஸிங் என்பது டிஸ்க்குக்கு நிரந்தரச் சட்டை. அடிக்கடி எடுத்துச் செல்லும் டிஸ்க்குக்கு அதுதான் சரி.

டாக் இரண்டுக்கும் நடுவே. மேலிருந்து செருகி, வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம். வரிசையாகப் பத்து, இருபது டிஸ்க் வைத்திருக்கும் ஸ்டுடியோக்காரருக்கு இதைவிட உதவியான கருவி இல்லை. ஆனால் டாக்கைத் திண்ணையாக நினைக்க வேண்டும், பெட்டகமாக அல்ல. திண்ணையில் வந்தவர் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். டிஸ்க்கும் அப்படித்தான் வர வேண்டும், போக வேண்டும். மாதக்கணக்கில் டாக்கிலேயே நிறுத்தி வைத்தால் மூன்று ஆபத்துகள்:

1. வெப்பம். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் விசிறி உண்டு. டாக்கில் பெரும்பாலும் இல்லை. மேசைக் கம்ப்யூட்டர் டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் மேல் எல்லை 60 டிகிரி செல்சியஸ். சித்திரை வெயிலில் இரண்டு மணி நேரம் தொடர்ந்து நகலெடுத்தால் அந்த எல்லையை நெருங்கிவிடலாம். பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேனை ஓடவிட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

2. விழுவது. செங்குத்தாக நிற்கும் டிஸ்க் தலை கனத்தது. ஓடும் டிஸ்க்கில் தட்டுக்கும் படிக்கும் முனைக்கும் உள்ள இடைவெளி தலைமுடியின் தடிமனைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைவு. நிற்கும் டிஸ்க் தாங்கும் அடியை ஓடும் டிஸ்க் தாங்காது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஒரு சாண் உயரத்திலிருந்து சாய்ந்தாலும் போதும்.

3. நகல் பொத்தான். இரண்டு டிஸ்க் டாக்குகள் பலவற்றில் கம்ப்யூட்டர் இல்லாமலேயே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு முழு நகல் எடுக்கும் பொத்தான் இருக்கும். எந்தப் பக்கம் மூலம், எந்தப் பக்கம் நகல் என்பது டாக்கின் மேல் சிறு எழுத்தில் அச்சாகியிருக்கும். இடம் மாற்றிச் செருகினால் வெற்று டிஸ்க்கின் வெறுமை கல்யாண வீடியோ மேல் ஏறிவிடும்; அதை மீட்க வழி கிடையாது. எனக்கு இந்தப் பொத்தானில் நம்பிக்கை இல்லை. விலைமதிப்பற்ற படங்களைக் கம்ப்யூட்டர் திரையில் பெயரைப் பார்த்தே நகலெடுங்கள்.

கேபிளில் மாட்டி ஓட்டும்போது டிஸ்க்கை எவர்சில்வர் தட்டில் வைக்க வேண்டாம். அடியில் உள்ள சர்க்யூட் பலகை உலோகத்தைத் தொடக் கூடாது. துண்டில் சுற்றி வைப்பதும் தவறு, வெப்பம் வெளியேறாது. காய்ந்த மரப்பலகை நல்லது. டிஸ்க்கின் மேல் சிறு துளை இருந்து, மூடாதே என்று அருகே அச்சிட்டிருந்தால் அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது. உள்ளே காற்றழுத்தம் சமமாவது அந்தத் துளை வழியாகத்தான்.

வேகம்

யூஎஸ்பி 2.0 வழியே நடைமுறையில் விநாடிக்கு 35 எம்பி அளவில் போகும். 500 ஜிபி நகலெடுக்க ஏறத்தாழ நான்கு மணி நேரம். யூஎஸ்பி 3.0-இல் டிஸ்க்கின் சொந்த வேகமே எல்லை. விநாடிக்கு 120 எம்பி என்று வைத்துக்கொண்டால் அதே வேலை 70 நிமிடத்தில் முடியும். ஆயிரக்கணக்கான சின்னப் படங்கள் என்றால் இரண்டிலும் கூடுதல் நேரம் ஆகும்.

'பார்மட் செய்யவா?' என்று கேட்டால்

டிஸ்க் ஓடுகிறது, கம்ப்யூட்டரும் கண்டுகொண்டது. அடுத்த விநாடி விண்டோஸ் ஒரு பெட்டி காட்டுகிறது: இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் பார்மட் செய்ய வேண்டும், செய்யவா? இந்தக் கட்டுரை முழுவதிலும் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: ரத்து என்பதை அழுத்துங்கள். அந்தப் பெட்டியின் பொருள் 'உள்ளே ஒன்றும் இல்லை' என்பதன்று; 'எனக்குப் படிக்கத் தெரியவில்லை' என்பது மட்டுமே. டிஸ்க் மேனேஜ்மென்ட் திரை இனிஷியலைஸ் செய்யச் சொன்னாலும் இதே பதில்தான்.

படிக்க முடியாததற்குக் காரணங்கள் பல:

1. வேறு வகைக் கோப்பு முறைமை (கோப்புகளை டிஸ்க்கில் அடுக்கி வைக்கும் முறை). மேக் கம்ப்யூட்டரின் டிஸ்க் ஏபிஎஃப்எஸ் அல்லது எச்எஃப்எஸ் பிளஸ் முறையிலும், லினக்ஸ் டிஸ்க் பெரும்பாலும் எக்ஸ்ட்4 முறையிலும் இருக்கும். விண்டோஸ் இவற்றை நேரடியாகப் படிக்காது. அந்தந்தக் கம்ப்யூட்டரில் செருகினால் படிக்கும். சிசிடிவி பெட்டியிலிருந்து எடுத்த டிஸ்க்குகள் பல அந்தப் பெட்டிக்கே உரிய முறையில் எழுதப்பட்டவை; அந்தப் பெட்டியில் மாட்டிப் பார்ப்பதே சுருக்கமான வழி.

2. பழைய டாக்கின் எல்லை. பழைய பிரிட்ஜ் சிப்புகள் 2.2 டிபி-க்கு மேல் எண்ணத் தெரியாதவை. 3 டிபி டிஸ்க் 746 ஜிபி என்று காட்டினால் டாக்தான் பழசு. அந்த டாக்கில் அந்த டிஸ்க்கின் மீது எதையும் எழுதாதீர்கள். வேறு டாக்கில் போட்டால் முழுதாகத் தெரியும்.

3. கேஸிங்கிலிருந்து கழற்றியது. டிஸ்க் தகவலை 512 பைட் துண்டுகளாக எண்ணும். சில கேஸிங்குகளின் பிரிட்ஜ் அதை 4,096 பைட் துண்டுகள் என்று மாற்றிச் சொல்லும். அப்படி எழுதிய டிஸ்க்கை வேறு டாக்கில் போட்டால், முகவரிக் கணக்கு மொத்தமும் தப்பிப்போய் வெறும் டிஸ்க்காகத் தெரியும். இன்னும் சில கேஸிங்குகளில் உள்ள சிப், நாம் கடவுச்சொல் எதுவும் வைக்காமலேயே தகவலைப் பூட்டி எழுதும். அதே சிப் இல்லாமல் திறக்காது. ஆகவே கடையில் முழுப் பொருளாக வாங்கிய எக்ஸ்டர்னல் டிஸ்க்கின் கேஸிங் பழுதானால், அதன் பிரிட்ஜ் சிப் உள்ள பலகையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். 2.5 அங்குல எக்ஸ்டர்னல் டிஸ்க்குகள் சிலவற்றில் சாட்டா நாக்கே இருக்காது. யூஎஸ்பி துளை டிஸ்க்கின் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும்.

4. பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டு. லேப்டாப்பிலிருந்து கழற்றிய டிஸ்க் 48 இலக்க மீட்பு எண் கேட்டால், பழைய லேப்டாப்பில் பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் நுழைந்து தேடுங்கள். பெரும்பாலும் அங்கே இருக்கும்.

5. உண்மையான பழுது. இதைக் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும்.

தெரியாமல் பார்மட் அழுத்திவிட்டாலும் உடனே நம்பிக்கை இழக்க வேண்டாம். விரைவு பார்மட் பெரும்பாலும் அட்டவணையைத்தான் புதிதாக எழுதும்; படங்கள் தட்டில் அப்படியே இருக்கும். அந்த டிஸ்க்கில் ஒரு கோப்புகூட எழுதாமல் மீட்பு வேலையைத் தொடங்கினால் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கலாம். எஸ்எஸ்டி-யில் இந்த வாய்ப்பு மிகக் குறைவு.

வேலையை எந்த வரிசையில் செய்வது?

1. செருகியதும் ஒரு நிமிடம் காதைக் கொடுங்கள். சீரான ரீங்காரம் நல்லது. சரியான அடாப்டரிலும் 'டக், டக்' என்று ஒரே தாளத்தில் அடித்தால் உடனே நிறுத்துங்கள். முனை தட்டைச் சுரண்டிக்கொண்டிருக்கலாம். ஓடும் ஒவ்வொரு நிமிடமும் இழப்பு. அதற்குமேல் அது தூசியில்லா அறை வைத்திருக்கும் தரவு மீட்பு நிலையத்தின் வேலை. மூடியைத் திறந்து பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் டிஸ்க்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

2. ஸ்மார்ட் எனப்படும் உடல்நிலைக் குறிப்பைப் பாருங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் காட்டும். மாற்றி ஒதுக்கிய செக்டர் (செக்டர் என்பது தட்டின் ஒரு சிறு துண்டு), காத்திருக்கும் செக்டர் என்ற இரண்டு எண்களும் பூஜ்யமாக இருந்தால் நிம்மதி. பூஜ்யத்துக்கு மேல் ஏறிக்கொண்டே போனால், சாதாரண நகலெடுப்பை விட்டுவிட்டு டிடிரெஸ்க்யூ போன்ற கருவியால் முழு டிஸ்க்கின் பிம்பத்தை (அப்படியே ஒத்த முழு நகலை) எடுப்பது பாதுகாப்பு. அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டுக் கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும்.

3. மிக முக்கியமானதை முதலில் எடுங்கள். சினிமாவும் பாட்டும் வேறெங்கும் கிடைக்கும். திருப்பூட்டுதல் (தாலி கட்டுவது) வீடியோ கிடைக்காது. பழைய விண்டோஸ் டிஸ்க்கில் படங்கள் பெரும்பாலும் யூசர்ஸ் கோப்புறைக்குள், பழைய பயனர் பெயரில் இருக்கும். அனுமதி இல்லை என்று சொல்லித் தொடரவா என்று கேட்கும். நல்ல டிஸ்க் என்றால் தொடரலாம். நலிந்த டிஸ்க்கில் அந்த அனுமதி மாற்றமும் ஓர் எழுத்துவேலைதான் என்பதால், பிம்பம் எடுத்த பிறகு செய்யுங்கள்.

4. இரண்டு வேறு டிஸ்க்குகளில் நகல் எடுத்து, ஒன்றைச் சென்னையிலோ சிங்கப்பூரிலோ உள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். நகலில் நாலைந்து வீடியோவைத் திறந்து, நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பாருங்கள்.

5. வெளியேற்றும் கட்டளை கொடுத்து, டாக்கின் சுவிட்சை அணைத்து, அரை நிமிடம் பொறுத்த பிறகே டிஸ்க்கை உருவுங்கள். சுழலும் தட்டோடு தூக்கினால் கையில் ஒரு முறுக்கல் தெரியும்; அது தெரிந்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள்.

எடுத்த பிறகு

வேலை முடிந்த பழைய டிஸ்க்கை நிலையான மின்சாரத்தைத் தடுக்கும் வெள்ளிநிற உறையில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிகா பொட்டலம் ஒன்றோடு மூடி வையுங்கள். பெட்டக அறையின் கீழ்த்தட்டு பொருத்தமான இடம். வெயில் காயும் மாடி அறை வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை டாக்கில் போட்டு ஓட்டிப் பாருங்கள். எஸ்எஸ்டி-யை மட்டும் இப்படி வருடக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போட்டுவைக்க வேண்டாம். அதில் உள்ள மின்னூட்டம் மெல்லக் கசிந்துவிடும்.

உறையின் மேல் ஒட்டும் சீட்டில் எழுத வேண்டியவை ஐந்து: யார் வீட்டு விசேஷம், எந்த வருடம், விண்டோஸ் டிஸ்க்கா மேக் டிஸ்க்கா, பிட்லாக்கர் உண்டென்றால் மீட்பு எண் எங்கே இருக்கிறது, இரண்டாவது நகல் யாரிடம் இருக்கிறது.